பொன்னாடும் புல்வெளியும்

எங்கள் வீட்டுச் சுவரிலே மூன்று படங்கள் உண்டு. ஒன்று தந்தை பெரியார். மற்றொன்று அண்ணல் அம்பேத்கர். மூன்றாவது படத்தில் இருப்பவர் தலைவருமல்லர், தியாகியுமல்லர். கறுப்புக் கண்ணாடி அணிந்து, இரவல் சட்டை உடுத்து, இடுப்பிலே கையூன்றி, சிங்க முகமும் மீன் உடலும் கொண்ட வெள்ளைச் சிலையொன்றின் முன்னே நின்று சிரிக்கும் என் அண்ணன்! 2014-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து அவர் அனுப்பிய படம். அம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டினார். தெருவார் வந்து பார்த்தனர். "சீமைக்குப் போன பிள்ளை" என்று சிலர் வியந்தனர், சிலர் பெருமூச்செறிந்தனர்.

அந்தச் சிலையைப் பற்றி ஒரு சொல். 1964-இல் அந்நாட்டுச் சுற்றுலாக் கழகத்துக்கென வரையப்பட்ட சின்னம் அது. 1972-இல் சிலையாக எழுந்தது. வாயினின்றும் ஓயாது நீர் கொட்டும். நம் நாட்டிலே நின்றிருந்தால் இதற்குள் அந்த நீர் தீர்த்தமாகியிருக்கும்! மீனுக்கும் சிங்கத்துக்கும் மணம் முடித்து வைத்த தலபுராணம் ஒன்று பாடப்பட்டிருக்கும், உண்டியலும் வந்திருக்கும், உண்டியல் யாருக்கு என்ற வழக்கும் நீதிமன்றம் ஏறியிருக்கும்! அங்கோ, மக்கள் அதன் முன்னே நின்று படமெடுத்துக்கொள்கின்றனர்; பனிக்கூழ் தின்கின்றனர்; போய்விடுகின்றனர். முதன்முதல் அதை நேரில் கண்ட நாளில், இதுவன்றோ பகுத்தறிவு நாடு என்று மனத்துக்குள் கைதட்டினேன்.

அது 2022-ஆம் ஆண்டு. இன்று அந்நாட்டை நான் பார்க்கும் பார்வை வேறு. வெறுக்கிறேனோ என்றால், இல்லை. ஆனால் அன்று கைதட்டிய அந்தப் பெண்ணைக் கண்டால், சற்றே பொறு தங்கையே என்று சொல்லத் தோன்றுகிறது. ஏன் என்பதைத்தான் எழுத முற்படுகிறேன். இதிலே நாட்டின் குறை பாதி; என் குறை பாதி.

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊர் என்று சொன்னால், ஊரார் நகைப்பர். வாய்க்காலுக்கு மேற்கே இருப்பதுதான் ஊர். கிழக்கே இருப்பது தெரு. நாங்கள் கிழக்கே. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா தோழர்களே! நம் நாட்டிலே திசை சொன்னாலே போதும், பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை.

அண்ணன் தொழிற்பயிற்சி நிலையத்திலே குழாய் வேலை கற்றவர். இருபதாம் வயதிலே, திறன் தேர்வு எழுதித் தேறி, முகவருக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து, 2013-இல் கப்பலேறாத குறையாக வானூர்தி ஏறினார். அந்த மூன்று இலட்சம் அம்மாவின் தோடு, பெரியப்பாவின் மாடு, மீதிக்கு வட்டி. அங்கே அவருக்கு அடிப்படைக் கூலி நாளொன்றுக்குப் பதினெட்டு வெள்ளி. வெள்ளி என்பது அங்குள்ள தமிழர் டாலருக்கு இட்ட பெயர். நல்ல பெயர், ஆயினும் அதன் பளபளப்பு முகவரின் வாயிலேதான் மிகுதி! கடனை அடைக்க இரண்டாண்டாயிற்று. கடன் அடைந்ததும் திரும்புவார் என்று எண்ணினோம். நான் பன்னிரண்டாம் வகுப்பிலே நல்ல மதிப்பெண் பெற்றுத் தொலைத்தேன்! தங்கை கல்லூரிக்குப் போகவேண்டும் என்றார். இளங்கலைத் தமிழ் மூன்றாண்டு, ஆசிரியப் பயிற்சி இரண்டாண்டு. என் பட்டத்திலே பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது. அண்ணனின் கைரேகையும் இருந்திருக்க வேண்டும்.

தொலைபேசியில் அவர் சொன்னதெல்லாம் பொன்னுரை. "இங்கே எல்லாம் நல்லாயிருக்கு பாப்பா. குளிர்சாதன அறை. வண்டி வந்து கூட்டிப்போகும், கொண்டுவந்து விடும்." வண்டி என்றார். எப்படிப்பட்ட வண்டி என்று நான் கேட்கவில்லை.

பட்டம் பெற்றபின் தனியார் பள்ளியொன்றிலே பதினோராயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்குப் பணி செய்தேன். பிறகு சிங்கப்பூரின் பாலர் பள்ளியொன்று தமிழ் ஆசிரியை தேடுவதாக அறிந்து விண்ணப்பித்தேன், கிடைத்தது. 2022 சூலையில் போய் இறங்கினேன்.

என்ன சொல்வேன் அந்த முதல் திங்களை! பெருவிரைவு ரயில் நிலையத்திலே தமிழ்! அறிவிப்புப் பலகையிலே தமிழ்! நாடாளுமன்றத்திலே எழுந்து நின்று பேசத் தமிழுக்கு உரிமை உண்டு! சீனம், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் ஆட்சிமொழி. தமிழ் படித்தவளுக்கு இங்கே வேலையில்லை என்று எந்த உறவினர் எள்ளினாரோ, அவர் முகத்தை அந்த நேரத்தில் காண விரும்பினேன். இரவு பதினொரு மணிக்குத் தனியே நடந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்குக் கடைத்தெருவைக் கடப்பதற்கு நான் பட்ட பாட்டை எண்ணினேன். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை ஏந்திப் பார்த்தேன். இனம் கேட்கிறார்கள்: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். சாதி கேட்கும் கட்டமே இல்லை!

பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். பின்னர் 1954-இல் மீண்டும் வந்தார். அவர் வருகையால் கிளர்ந்தெழுந்தவர்கள் தமிழர் சீர்திருத்தச் சங்கம் கண்டனர். திருவாரூரிலே பிறந்த கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசு ஏட்டைத் தொடங்கினார். 1950-களிலே தமிழர் குடியுரிமை பெறவேண்டும், அந்த மண்ணையே தம் மண்ணாகக் கொள்ளவேண்டும் என்று ஊர்தோறும் உரைத்தார். இவற்றையெல்லாம் விக்டோரியா சாலையிலுள்ள தேசிய நூலகத்திலே அமர்ந்து படித்தேன். படிக்கப் படிக்க நெஞ்சு நிமிர்ந்தது. இங்கேயே இருந்துவிடலாம், நிரந்தரவாசம் கேட்கலாம், வாய்க்காலுக்குக் கிழக்கு என்ற திசையே இல்லாத ஊர் இது என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். அத்தகைய செய்தியைத் தாளிலே எழுதித்தான் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

அறை தேடும் படலத்திலே முதல் கீறல் விழுந்தது. அடுக்குமாடி வீடுகளில் அறையொன்றை வாடகைக்கு விடுவது அங்கே வழக்கம். தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும், இந்தியருக்கு இல்லை என்றனர் சிலர். குழம்பு வாசம் சுவரிலே ஒட்டிக்கொள்ளுமாம்! ஒரே அடுக்கிலே பல இனத்தாரும் கலந்து வாழவேண்டும் என்று 1989 முதல் விகிதம் வகுத்து வீடு விற்கும் அரசு, உள்ளறைக்கு யாரை விடுவது என்பதை மனிதரிடமே விட்டிருக்கிறது. மனிதர் மனிதராகவே இருக்கின்றனர்.

கடைசியில் தமிழர் வீடொன்றில் இடம் கிடைத்தது. மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர் அந்த அம்மையார். அன்பானவர். முதல் நாளே தோசை வார்த்துக் கொடுத்தார். நான் உண்டுகொண்டிருக்கையில் கேட்டார்:

"பட்டுக்கோட்டைப் பக்கம்னா எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அங்கே எங்க தாத்தாவுக்குச் சொந்தக்காரங்க உண்டு. ஊரிலே எந்தத் தெரு? நீங்க என்ன ஆளுங்க?"

தோழர்களே, தோசை தொண்டையிலே நின்றது. கடல் கடந்தால் சாதி கெடும் என்று எழுதி வைத்தனர் சாத்திரக்காரர். பொய்! பச்சைப் பொய்! சாதி கெடவில்லை. மூன்று தலைமுறை உப்புக்காற்றிலும் துருப்பிடிக்காமல், படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் என்ன, பந்தியில் கேட்டுக்கொள்கிறேன் என்று அந்தச் சாப்பாட்டு மேசையிலே என்னெதிரே உட்கார்ந்திருந்தது.

நான் என்ன விடை சொன்னேன்? கல்லூரி மேடையிலே சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசிக் கோப்பை பெற்றவள் நான். "அப்பா இறந்துட்டாங்கம்மா. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெரு" என்றேன். இரண்டும் உண்மை. மேற்குத் தெருவின் கோடியிலும் ஒரு பள்ளிக்கூடம் உண்டு என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உண்மையைக் கொண்டே பொய் சொன்னேன்.

இது சிறிய கோழைத்தனம். பெரியது பின்னே வந்தது.

அண்ணனை முதன்முதல் சந்தித்த நாளைச் சொல்ல மறந்தேன். துவாஸ் பக்கத்திலே, தீவின் மேற்குக் கோடியில், தொழிலாளர் தங்கும் விடுதியில் அவர் இருந்தார். அங்கே வரவேண்டாம், தேக்காவுக்கு நான் வருகிறேன் என்றார். லிட்டில் இந்தியா என்று பலகையிலே இருக்கும். தமிழர் வாயிலே அது தேக்கா. ஞாயிறன்று சிராங்கூன் சாலையிலே காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து வந்தார். "சீட்டு வாங்கிட்டு வரணும் பாப்பா, அதான்" என்றார். என்ன சீட்டு? அந்த ஆண்டு சூன் 24 முதல் ஓர் ஏற்பாடு: விடுதித் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் தேக்கா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போகவேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும், ஒரு நாளைக்கு எண்பதாயிரம் பேருக்கு மட்டுமே. தொற்றுநோயை முன்னிட்டு வைத்த விதி. நோய் சீட்டில்லாதவரைத்தான் பற்றும் போலும்! அண்ணனுக்குச் சீட்டு வேண்டும். நாட்டுக்குள் நுழைந்து மூன்று கிழமையே ஆன தங்கைக்கு வேண்டா. அவர் ஒன்பதாண்டு அந்த நகரத்துக்குக் குழாய் பதித்தவர். நான் அங்கே குழந்தைக்கு அகரம் எழுதிக் காட்ட வந்தவள். எனக்கு வேறு வகை அனுமதி அட்டை.

அன்று அதைப் பெரிதாக எண்ணவில்லை. நாட்டுக்கு நாடு விதி என்று விட்டுவிட்டேன். புதிதாக வந்தவர் கண்ணுக்கு ஒழுங்கு தெரியும். அந்த ஒழுங்கின் அடியிலே யார் கிடக்கின்றனர் என்பது எளிதில் தெரிவதில்லை.

சில திங்கள் கழிந்தன. தீபாவளி வருகிறதென்று உடன் பணிபுரியும் இரு ஆசிரியையர் தேக்காவுக்கு அழைத்தனர். தீபாவளி எனக்கு நாளுமில்லை, கிழமையுமில்லை. எனினும் புடவை பார்க்க யாருக்கு வெறுப்பு? போனேன். ஞாயிறு மாலை. கேம்பல் லேன் முழுதும் விளக்கு. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்வெளியில் நூற்றுக்கணக்கிலே தொழிலாளர், வட்டம் வட்டமாக அமர்ந்து, பொட்டலத்துச் சோறு உண்டபடி, தொலைபேசியிலே பிள்ளை முகம் பார்த்தபடி. உடன் வந்தவர் ஒருவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை இங்கே வரவே கூடாதுப்பா. ஒரே ஊழியர் கூட்டம்."

அந்தச் சொல் காற்றிலே இருக்கும்போதே கண்டேன். பத்தடிக்கு அப்பால் என் அண்ணன். நீலச் சட்டை. கையிலே பொட்டலம். என்னைக் கண்டுவிட்டார். முகம் மலர்ந்தது, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடையிலே தொங்கிய காகிதத் தோரணத்தைப் பார்த்தேன். மிக உற்றுப் பார்த்தேன்! அதன் நிறம் இன்றும் நினைவிருக்கிறது: ஊதாவும் பொன்னும். திரும்பி நோக்கியபோது, அண்ணன் மீண்டும் உட்கார்ந்திருந்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வெட்கப்படாமல் கடந்து செல்வதற்கு வசதியாக!

ஐந்தாறு விநாடி இருக்கும். அந்த ஐந்தாறு விநாடியிலே நான் வாய்க்காலின் மேற்கே போய் நின்றேன். எங்கள் தெருப் பையன் தேநீர்க்கடைக்குப் போனால் எந்தக் கண் எங்கோ பார்க்குமோ, அந்தக் கண்ணை நான் வாங்கிக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விலையும் கொடுக்கவில்லை.

அன்றிரவு தொலைபேசியில் அழைத்தார். "சாப்பிட்டியா பாப்பா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நானாக அழுது சொன்னபோது சிரித்தார். "நான் எழுந்ததுதான் தப்பு. உன் கூட வேலை செய்யறவங்க இருந்தாங்க, பார்க்காம எழுந்துட்டேன்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் அந்நாட்டைப் பார்க்கத் தொடங்கினேன் என்று சொல்லவேண்டும். அதுவரை கண்டது படம்.

வண்டி என்றாரே, அந்த வண்டி லாரி. சரக்கு ஏற்றும் லாரியின் பின்தட்டு. விடியற்காலை நான் பேருந்திலே குளிர்ந்த காற்றில் அமர்ந்து செல்கையில், விரைவுச்சாலையிலே பக்கத்தில் ஓடும் லாரியின் பின்புறம் பத்துப் பதினைந்து பேர், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை கவிழ்ந்து உறங்கியபடி. மேலே கூரையுண்டு, பக்கத்திலே தடுப்புண்டு. சட்டப்படி வேண்டிய உயரம் உண்டு. முன்னிருக்கையில் அமர்ந்த ஓட்டுநர் வார்ப்பட்டை அணியாவிட்டால் தண்டம். பின்னே அமர்ந்தவர்க்குப் பட்டையுமில்லை, இருக்கையுமில்லை. சரக்கு வண்டியிலே ஆளேற்றுவது தவறு என்று கூறும் அதே சட்டம், வேலைக்குக் கொண்டுபோகும் தொழிலாளருக்கு விலக்கு அளித்தது. இதை நிறுத்துங்கள் என்று அந்நாட்டு மக்களிலேயே பலர் 2023-இல் கூட்டறிக்கை விட்டனர். சிறு நிறுவனங்கள் தாங்கா, கட்டுமானம் தாமதப்படும் என்று விடை வந்தது. கேட்டவரும் அந்நாட்டார் என்பதை மறைக்கக் கூடாது.

2020-ஐப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். அந்த ஏப்ரலிலே விடுதிகள் அடைக்கப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள், விடுதிகளில் இருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொற்று தொட்டுவிட்டது. அண்ணன் அறையிலே பதினாறு பேர், ஒரே சாளரம். நாளொன்றுக்கு இருவர் மூவராக அழைத்துச் செல்வர். நகரம் சூனிலே மெல்லத் திறந்தது, விடுதி திறக்கவில்லை. "அப்பவும் நீ நல்லாயிருக்கேன்னுதானே சொன்னே அண்ணே?" என்றேன். "நல்லாத்தானே இருந்தேன். சம்பளம் வந்துச்சு. சோறு வந்துச்சு. மருத்துவம் அவங்க செலவு. செத்தவங்க ரொம்பக் குறைச்சல், தெரியுமா?" என்றார். அதுவும் உண்மை. அங்கே மருத்துவம் கைவிடவில்லை.

2013 டிசம்பர் 8. தேக்காவிலே தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் அடியிலே சிக்கி மாண்டார், கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. தொலைக்காட்சியிலே கண்டு நாங்கள் ஊரிலே துடித்தோம். நான் அங்கே இல்லை என்றார் அப்போது. இருந்திருக்கிறார்! நாட்டுக்கு வந்து மூன்றே திங்கள். ஓடவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல், கடையொன்றின் படியிலே ஒடுங்கிக் கிடந்திருக்கிறார். அவர் கல்லெடுக்கவில்லை. எடுத்தவர்மீது அவருக்குச் சினமுண்டு. "அவங்களால எல்லாருக்கும் கெட்ட பேரு" என்கிறார். அந்தப் பேருந்து ஏன் அத்தனை கூட்டத்தைச் சுமந்தது, மாலையில் அவர்களை அள்ளிக்கொண்டு போக ஏன் தனிப்பேருந்து என்று நான் கேட்டால், கையசைத்து ஒதுக்குகிறார்.

சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கண்ட நாட்டினின்றும் போனவர்க்கு ஒன்று சொல்கிறேன். அண்ணன் வைத்திருக்கும் வேலை அனுமதி அட்டையின் நிபந்தனைகளில் ஒன்று: அதிகாரியின் இசைவின்றி அந்நாட்டுக் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ அவர் மணக்கக் கூடாது. புரோகிதர் வேண்டா, தாலி வேண்டா, இரண்டு மாலை போதும் என்றோம். அங்கே மாலைக்கு முன்னே முத்திரை வேண்டும்! முப்பதைக் கடந்துவிட்ட அண்ணன் இன்னும் மணமாகாதவர். யாரையாவது விரும்பினாரா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் துணிவில்லை.

இவற்றையெல்லாம் அடுக்கி ஒருநாள் பொரிந்து தள்ளினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீ படிச்சவ, சரியாத்தான் பேசுவே. ஒண்ணு சொல்றேன். இங்கே மேற்பார்வையாளன் என்னைத் திட்டுவான். சீனன்தான். கெட்ட வார்த்தைகூடச் சொல்லுவான். ஆனா நான் குடிச்ச குவளையிலேயே தண்ணி மொண்டு குடிப்பான். ஊரிலே நம்மளைத் திட்டாத நல்லவங்க உண்டு. யாராவது நம்ம குவளையிலே குடிச்சாங்களா? இங்கே என் வேலையைத்தான் இளப்பமாப் பார்க்கிறாங்க. சட்டையைக் கழற்றிட்டா வேலை போயிடும். அது கழற்ற முடியாததுல்லே?"

நான் விடை தேடினேன். லாரியிலிருந்து இறங்க முடிகிறதா, சீட்டில்லாமல் தெருவுக்கு வர முடிந்ததா என்று கேட்டேன். "அது வேற" என்றார். வேறுதானா? இன்றளவும் எங்களுக்குள் இந்த வழக்குத் தீரவில்லை. பிறப்பால் வரும் இழிவும் தொழிலால் வரும் இழிவும் ஒன்றல்ல என்பதை அவரிடம் கற்றேன். ஆனால் ஒன்று மற்றொன்றிடம் இடம் கேட்டு ஒட்டிக்கொள்ளும் என்பதை என் வகுப்பறையிலே கற்றேன்.

என் மாணவர் ஐந்து வயதினர். பெரும்பாலோர் தமிழ்ப் பிள்ளைகள். தமிழ் பேசும் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. அந்நாட்டு இந்தியரிலே வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசியோர் 2010-இல் 36.7 விழுக்காடு, 2020-இல் 27.9. ஆட்சிமொழி அரியணையிலே அமர்ந்திருக்கிறது. அடுக்களையிலே அதைக் காணோம்! அதற்காக நான் கதையும் பாட்டும் கொண்டு போராடுவது தனிக்கதை. ஒருநாள் சாளரத்துக்கு வெளியே, சாலை தோண்டும் தொழிலாளர் தெரிந்தனர். கறுத்த நிறம், மஞ்சள் தலைக்கவசம். "டீச்சர், பங்களா!" என்றாள் ஒரு சிறுமி. வங்காளதேசத்தார்க்கு அங்கே வழங்கும் இளக்காரப் பெயர் அது. நம்மவர்க்கும் சேர்த்தே வழங்குகிறது. வேலியிலே கட்டியிருந்த எச்சரிக்கைப் பலகையில் நான்கு மொழி. அந்த மனிதர்கள் தமக்குள் பேசிக்கொண்டது, அந்தச் சிறுமிக்கு நான் கற்பிக்க வந்த மொழி. அவளைவிட நன்றாகப் பேசினர், என்னைவிடவும் இருக்கலாம்.

"பங்களா இல்லை கண்ணு. அவங்க குழாய் போடுறவங்க. எங்க அண்ணனும் குழாய் போடுறவர்தான். நீ கை கழுவுற தண்ணி அதிலேதான் வருது" என்றேன்.

"நிஜமா டீச்சர்?" என்றாள். இருபது பிள்ளைகளும் சாளரத்துக்கு ஓடினர். கையசைத்தனர். குழியிலே நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்து, தமக்கா என்று ஐயுற்று, பின்னே திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லக் கை தூக்கினார். உடன் பணிபுரிவோர் இருவரும் வாயிலில் நின்றிருந்தனர். அந்த ஞாயிறன்று என்னோடு வந்தவர்கள்தாம். ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர் பிற்பகலில் தேநீர் அருந்துகையில், "உங்க அண்ணன் இங்கேயா இருக்காரு? சொல்லவே இல்லையே" என்றார். சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

நிரந்தரவாச விண்ணப்பம் பாதி நிரப்பிய நிலையிலே கிடக்கிறது. கிழிக்கவில்லை. இரவிலே அச்சமின்றி நடக்கும் உரிமையைப் பழி சொல்ல எனக்கு நா எழாது. என் தாய்மொழிக்குப் பலகையிலே இடம் தந்த நாட்டை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நிரப்பவும் கை வரவில்லை. குடும்பத்தாரைப் பற்றிய பகுதியில் உடன்பிறந்தாரின் பெயரை எழுதினேன்; எழுதிவிட்டு, அண்ணனுக்கு இத்தகைய படிவமே கிடையாது என்ற நினைவு வந்தது. மூடி வைத்தேன்.

சென்ற ஞாயிறன்று தேக்காவின் புல்வெளியிலே அண்ணனோடும் அவர் நண்பர் நால்வரோடும் அமர்ந்து பொட்டலம் பிரித்தேன். சோறு, கோழிக்குழம்பு, முட்டைக்கோசுப் பொரியல். ஐவரிலே மூவர் எங்கள் பக்கத்தார். பேச்சு காவிரி நீரைப் பற்றி, கடன் வட்டியைப் பற்றி, ஒருவர் மகள் எடுத்த மதிப்பெண்ணைப் பற்றி. அப்போது, காய்கறிப் பையோடு நடந்து வந்தார் எங்கள் வீட்டு அம்மையார். என்னைக் கண்டு நின்றார். புல்லிலே நான், சுற்றிலும் ஊழியர்.

எழுந்தேன். "அம்மா, இவர் எங்க அண்ணன். கூடப் பிறந்தவர். துவாஸிலே குழாய் வேலை" என்றேன். அண்ணன் பதறிக் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். "நீங்க அன்னைக்கு எந்தத் தெருன்னு கேட்டீங்களே. வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற தெரு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "ஓ, அப்படியா" என்றார். "மழை வரும்போல இருக்கு. குடை இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். போய்விட்டார்.

அண்ணனுக்குத்தான் கோபம். "எதுக்கு இப்ப அதைச் சொன்னே? தலைக்கு மேலே கூரை வேணாமா உனக்கு?" என்று வழிநெடுகக் கடிந்துகொண்டார். லாரி வரும் நேரமானதும் ஓடினார்.

அன்றிரவு வீடு திரும்பினேன். அடுப்படியிலே என் தட்டும் குவளையும் வழக்கமான இடத்தில்தான் இருந்தன. அம்மையார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், தலையசைத்தார். வாடகை ஒப்பந்தம் அடுத்த திங்கள் முடிகிறது. தொடர்ந்து தருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அண்ணன் தம் நண்பர்களிடம் சொல்லி, எதற்கும் வேறோர் அறை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.